பிறவிச் சிவப்பு மச்சமும் லேசர் சிகிச்சையும்: பெற்றோர் முன்கூட்டியே அறிய வேண்டியவை

"சின்ன விசயம்தான். லேசர் பிடித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று வைத்தியர் சொல்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளையின் கன்னத்தில் செய்யப்போகும் எந்தச் சிகிச்சையும் தாய் தகப்பனுக்குச் சின்ன விசயமாகத் தெரிவதில்லை. அதிலும், சிகிச்சை முடிந்து வெளியே வரும் பிள்ளையின் முகம் உள்ளே போனபோது இருந்ததைவிட மோசமாக, கருநீலப் புள்ளிகள் நிறைந்து இருந்தால் எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு பதறாது?

அந்தக் கருநீலப் புள்ளிகள் லேசர் போய்ச் சேரவேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதன் அடையாளம். இரண்டு வாரத்திற்குள் அவை மறைந்துவிடும். இதை எவரும் முன்னதாக எடுத்துச் சொல்லாவிட்டால், "நல்ல பிள்ளையைக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள்" என்று வீட்டில் ஒருவர் சொல்ல, இரண்டாவது தடவைக்குப் போகாமலே விட்டுவிடுகிற நிலைமை வரும். ஒரே தடவையில் முடிகிற சிகிச்சை அல்ல இது. முதற் தடவையோடு நிறுத்தினால் பிள்ளை பட்ட சிரமம் மட்டுமே மிஞ்சும். ஆகவேதான் இம்முறை சுகாதாரப் பக்கத்தில் இந்த ஒரு சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு, பெற்றோர் எதைக் காண்பார்கள், எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், எந்த மச்சம்?

பிறக்கும்போது பிள்ளையின் தோலில் காணப்படும் எல்லா நிறமாற்றத்தையும் நாம் பொதுவாக "மச்சம்" என்று சொல்லிவிடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு லேசர் தேவையே இல்லை.

எமது பிள்ளைகளின் முதுகின் அடியிலும் பிட்டத்திலும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். இது மிகச் சாதாரணம். பள்ளிக்கூடம் போகும் வயதிற்குள் அநேகமாக மறைந்துவிடும். (ஒரு சிறு குறிப்பு: கண்டல் காயத்தைப் போலத் தோன்றுவதால், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் இதைப் பார்த்து யாராவது அடித்திருக்கிறார்களோ என்று ஐயப்படக்கூடும். நியூ சவுத் வேல்ஸில் நீலப் புத்தகத்திலும் விக்டோரியாவில் பச்சைப் புத்தகத்திலும் பிள்ளைநலத் தாதியைக் கொண்டு முதலிலேயே இதைப் பதிவு செய்துவிடுங்கள்.) நெற்றி நடுவிலும் கண்ணிமையிலும் வருகிற இளஞ்சிவப்புத் திட்டும் பெரும்பாலும் ஓரிரு வயதில் மங்கிவிடும். பிடரியில் உள்ளது நிலைத்திருந்தாலும் தலைமயிர் மூடிக்கொள்ளும்.

இன்னொன்று, பிறந்து சில கிழமைகளில் தோன்றி, ஸ்ட்ரோபெரிப் பழம் போல் புடைத்து, சில மாதங்கள் விரைவாக வளர்ந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும் இரத்தநாளக் கட்டி. இதற்கு 2008ஆம் ஆண்டில் பிரான்சின் போர்தோ நகர வைத்தியர்கள் ஒரு வழியைக் கண்டார்கள். இருதய நோய்க்குக் கொடுத்த புறோப்பிறனோலோல் என்ற மருந்து இந்தக் கட்டியையும் சுருக்குவதைத் தற்செயலாகக் கவனித்து வெளியிட்டார்கள். இன்று சிகிச்சை தேவைப்படும் கட்டிகளுக்கு முதலில் அந்த மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். கண்ணருகில் இருந்தால் மட்டும் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது, பார்வை பாதிக்கப்படலாம்.

லேசர் முதன்மையாகப் பயன்படுவது, ஆங்கிலத்தில் 'போர்ட் வைன் ஸ்டெயின்' என்று சொல்லப்படும் சிவப்பு மச்சத்திற்கு. ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய மூவருக்கு இது பிறப்பிலேயே இருக்கும். தோலுக்குள் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்து நிற்பதால் வருகிறது. தானாக மறையாது. பிள்ளை வளர வளர அதுவும் கூடவே வளரும். நடுவயதில் சிலருக்குத் தடித்துக் கறுத்துப்போகும். சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சேவின் நெற்றியில் உலகமே பார்த்தது இதைத்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பளிச்செனச் சிவப்பாகத் தெரிவது எமது பிள்ளைகளில் கருஞ்சிவப்பாகவோ கபில நிறமாகவோ தெரியும். இதனால் சூட்டுத் தழும்பு என்றோ தோல் அழற்சி என்றோ ஆரம்பத்தில் தவறாக எண்ணப்படலாம்.

கிரகணம் அல்ல காரணம்

"வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கிரகணத்தில் வெளியே போயிருப்பாள்" என்ற பேச்சை இந்த நாட்டிலும் கேட்கிறோம். பிள்ளை பெற்று ஆறு கிழமைகூட ஆகாத ஒரு பெண்ணிடம் இதைச் சொல்வதைப்போல் கொடுமை வேறில்லை. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். கருவுற்ற பின்பு, வளரும் குழந்தையின் ஏதோ ஓர் உயிரணுவில், ஜிஎன்ஏகியூ என்ற மரபணுவின் ஒரேயொரு எழுத்து மாறிவிடுகிறது. அந்த உயிரணுவில் இருந்து பெருகிய பகுதியில் மட்டும் மச்சம் உண்டாகிறது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்ததல்ல. தாய் சாப்பிட்டதாலோ பார்த்ததாலோ வந்ததும் அல்ல. இந்த ஒரு தகவலை மட்டுமாவது மாமி மாமாவுக்கும் ஊரில் உள்ளவர்களுக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

காரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. மச்சம் நெற்றியிலும் மேல் இமையிலும் இருந்தால், சில பிள்ளைகளுக்கு அதே இரத்தக்குழாய்க் கோளாறு கண்ணிலும் மூளையின் மேற்பரப்பிலும் இருக்கக்கூடும். கண்ணில் அழுத்தம் கூடலாம், வலிப்பு வரலாம். ஸ்டேர்ஜ் வெபர் என்று இதற்குப் பெயர். லேசரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அழகு பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

லேசர் என்ன செய்கிறது?

லேசர் என்றதும் சுடுவது, அறுப்பது என்ற எண்ணம் வருகிறது. 1970களில் பயன்பட்ட ஆர்கன் லேசர் பல பிள்ளைகளுக்குத் தழும்பை விட்டதும் உண்மை. 1983இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் அன்டர்சன், பரிஷ் என்ற இரு வைத்தியர்கள், சரியான நிற ஒளியைச் சரியான கண நேரத்திற்கு மட்டும் பாய்ச்சினால் சுற்றியுள்ள தோலைத் தொடாமல் வேண்டிய இலக்கை மட்டும் சூடாக்கலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று சிறுவருக்குப் பயன்படும் 'பல்ஸ்ட் டை லேசர்'. 1989இல் பொஸ்ரனில் இருந்தே பிள்ளைகளுக்கு இதைச் செய்து கண்ட முடிவுகள் வெளிவந்தன.

இது மஞ்சள் நிற ஒளி. இரத்தத்தின் சிவப்பு அதை உறிஞ்சும். ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான நேரத்தில் அந்த நுண்குழாய் சூடாகி உள்ளேயே உடையும். அதற்கு ஒரு கணம் முன்னர் இயந்திரமே குளிர்வாயுவைத் தோலில் விசிறி மேற்தோலைக் காக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஐந்து சத நாணயத்தைவிடச் சிறிய வட்டத்தில் ஒளி விழும். மச்சத்தின் அளவைப் பொறுத்து இப்படிப் பத்து, இருபது, சிலவேளை நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டொளிகள். இறப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. ஒளி விழும் நேரம் மொத்தம் சில நிமிடங்கள்தான்.

எமது தோலின் நிறம்

இதைத்தான் பெற்றோர் வாய் திறந்து கேட்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அந்த மஞ்சள் ஒளியை இரத்தம் மட்டும் உறிஞ்சுவதில்லை. தோலுக்குக் கறுப்பைக் கொடுக்கும் மெலனினும் உறிஞ்சும். மெலனின் மேற்தோலில் இருக்கிறது. இரத்தக் குழாய் அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே எமது பிள்ளைகளின் தோலில் ஒளியின் ஒரு பகுதி வழியிலேயே மறிக்கப்படுகிறது. குழாய்க்குப் போவது குறைகிறது, மேற்தோலில் சூடு கூடுகிறது. வெள்ளைத் தோலுக்கு வைக்கும் அதே அளவை மாற்றாமல் வைத்தால் கொப்புளம் போடலாம். பின்னர் வெளிறிய திட்டோ கறுத்த திட்டோ மாதக்கணக்கில் நிற்கலாம்.

இதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள வைத்தியர் சக்தியைக் குறைத்து, குளிர்ச்சியைக் கூட்டி, முதலில் ஒரு சிறு இடத்தில் பரீட்சித்துப் பார்த்து, தடவைகளுக்கு இடையில் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்வார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மிக நேரடியானது: "எங்களைப் போன்ற நிறமுள்ள பிள்ளைகளுக்கு இதைச் செய்திருக்கிறீர்களா? அளவை எப்படி மாற்றுவீர்கள்? முதலில் சிறு இடத்தில் செய்து பார்ப்பீர்களா?" வைத்தியரை நாம் சோதிக்கிறோம் என்று அவர் எண்ணமாட்டார். இந்த நாட்டில் இப்படிக் கேட்பது அவமரியாதை அல்ல. பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பிள்ளையின் முகத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே எமது கருத்து.

எமது அம்மம்மாமார் பிறந்த பிள்ளையின் காது மடலைப் பார்த்து "இவன் இந்த நிறத்திலே நிற்கமாட்டான், பிறகு மாநிறமாக வருவான்" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. எமது குழந்தைகள் பிறந்தவுடன் வெளிறியிருந்து, முதல் மாதங்களில்தான் அவர்களுக்குரிய நிறத்தைப் பெறுகிறார்கள். அந்த ஆரம்ப காலத்தில் தோலும் மெல்லியது, மச்சமும் சிறியது, மறிக்கும் மெலனினும் குறைவு. "பள்ளிக்கூடம் போகும்போது பார்ப்போம்" என்று தள்ளிப்போடாமல், குழந்தை பிறந்த முதற் சில வாரங்களிலேயே குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கிச் சிறுவர் வைத்தியசாலையில் காட்டிவிடுவது இதனால்தான் நல்லது. காட்டுவது வேறு, செய்வது வேறு. காட்டிய பிறகு ஆறுதலாக முடிவெடுக்கலாம்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். டிசம்பர் விடுமுறையில் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஓடி விளையாடிக் கறுத்து வந்த பிள்ளைக்கு வந்த கையோடு லேசர் செய்வது உகந்ததல்ல. சிட்னிக் கடற்கரை வெயிலும் அப்படித்தான். வாய்ப்பிருந்தால் குளிர்காலத்தில் திகதி கேளுங்கள்.

மயக்க மருந்து

சில மாதக் குழந்தையாக இருந்து மச்சமும் சிறிதாக இருந்தால், போர்வையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மயக்கமின்றியே செய்யும் இடங்கள் உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை மரத்துப்போகும் களிம்போடு சமாளித்துவிடும். இடைப்பட்ட வயதுதான் கடினம். இரண்டு வயதுப் பிள்ளையை அசையாமல் கிட என்றால் கிடக்குமா? கண்ணருகில் ஒளி பாய்ச்சும்போது அசைந்தால் ஆபத்து. அதனால் முழு மயக்கம் கொடுக்கிறார்கள்.

"மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும்" என்பது எமது வீடுகளில் பலமான பயம். இந்தப் பயத்திற்கு ஓரளவு விடை சொன்ன ஆய்வு மெல்பேணில் இருந்துதான் வழிநடத்தப்பட்டது. றோயல் சிறுவர் வைத்தியசாலையின் மயக்க மருந்து நிபுணர் அன்ட்ரூ டேவிட்சனும் அவரது குழுவினரும் ஏழு நாடுகளில், குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்த 722 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு முழு மயக்கம், மறு பகுதியினருக்கு முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தல். 2016இல் இரண்டு வயது முடிவும் 2019இல் ஐந்து வயது முடிவும் வெளிவந்தன. ஒரு மணித்தியாலத்திற்கு உட்பட்ட ஒரு தடவை மயக்கம் அறிவு வளர்ச்சியைப் பாதித்ததாகக் காணப்படவில்லை.

அந்த ஆய்வு ஒரேயொரு தடவையைப் பற்றியது. சிவப்பு மச்சத்திற்கோ பல தடவைகள் வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016 டிசம்பரில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மணித்தியாலத்திற்கு மேற்பட்ட மயக்கமோ திரும்பத் திரும்ப மயக்கமோ கொடுப்பது பற்றி எச்சரித்தது. ஆகவே பயப்படுவோரைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது, பயந்து ஓடவும் கூடாது. "மொத்தம் எத்தனை தடவை மயக்கம் வேண்டியிருக்கும்? சிலவற்றை மயக்கமின்றிச் செய்யலாமா? சிலவற்றை மூன்று வயதுக்குப் பின் வைக்கலாமா?" என்று மயக்க மருந்து நிபுணரிடமே கேளுங்கள். சீக்கிரம் தொடங்குவதால் வரும் நன்மையையும் மயக்கங்களின் எண்ணிக்கையையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து எடுக்கவேண்டிய முடிவு இது. ஒரு பிள்ளைக்குச் சரியானது மற்றதற்குச் சரியாக இராது.

அந்த நாள்

உண்ணாமல் இருக்க வேண்டிய நேரம் கடிதத்தில் இருக்கும். பொதுவாக உணவும் மாட்டுப்பாலும் ஆறு மணித்தியாலத்திற்கு முன்பே நிற்கும். தாய்ப்பாலுக்கும் தண்ணீருக்கும் இதைவிடக் குறைந்த நேரம். உங்கள் கடிதத்தில் உள்ளதையே பின்பற்றுங்கள். வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்தில் அது நெஞ்சறைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. "பாவம், பசியில் அழுகிறான்" என்று அம்மம்மா இரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்தால் அன்றைய சிகிச்சையே நிறுத்தப்படும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் முதல்நாள் இரவே சொல்லி வையுங்கள். தடிமன், இருமல், காய்ச்சல் இருந்தால் புறப்படுமுன் வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள்.

அடுத்தது எமது வீடுகளுக்கே உரியது. கன்னத்தில் வைக்கும் கண்ணூறுப் பொட்டு, கண்ணுக்கு மை, நெற்றியில் திருநீறு, தலைக்கு எண்ணெய் எதுவும் அன்று வேண்டாம். கறுப்புப் பொட்டின் சிறு மிச்சமும் லேசர் ஒளியை உறிஞ்சி அந்த இடத்தைச் சுட்டுவிடும். மயக்க மருந்தோடு ஒட்சிசனும் கொடுக்கும் இடத்தில் எண்ணெய் பூசிய மயிர் எளிதில் தீப்பற்றும். புருவத்தையும் தலைமயிரையும் ஈரத்துணியால் மூடுவது இதற்காகத்தான். பஞ்சாயுதம், காப்பு, தோடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கையில் கட்டிய நூலைக் கழற்ற மனமில்லை என்றால் தாதியிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிகிச்சை இடத்திற்குத் தூரமாக இருந்தால் ஒட்டித் தருவார்கள். இதற்கெல்லாம் அவர்கள் பழகியவர்கள்.

"பார்க்குக்குப் போகிறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் தடவை பலிக்கும். இரண்டாம் தடவை காருக்குள் ஏறவே மாட்டான். மூன்று வயதுப் பிள்ளைக்கு, "டொக்டர் உன் கன்னத்துச் சிவப்புக்கு விளக்குப் பிடிப்பார், நீ நித்திரையாக இருப்பாய், எழும்பும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன்" என்பது போதும்.

பெரும்பாலும் தாய் தகப்பனில் ஒருவர் மயக்கமாகும் வரை உள்ளே இருக்கலாம். முகமூடியில் இருந்து மருந்து போகும்போது சில வினாடிகள் பிள்ளை திமிறும், கண் மேலே சொருகும், கைகால் உதறும், பின்னர் துவண்டுவிடும். பார்த்துப் பழகாதவருக்கு இது உயிரை உலுக்கும் காட்சி. ஆனால் இது வழமையானது, பிள்ளைக்கு நினைவில் நிற்காது. தாங்கமாட்டேன் என்று நினைப்பவர் வெளியே நின்று மற்றவரை அனுப்புவதில் வெட்கம் எதுவும் இல்லை. நீங்கள் வெளியேறிய பின் பிள்ளையின் கண்களை மூடிக் காப்பார்கள். இமையருகில் செய்வதானால் இமைக்கு உள்ளேயே ஒரு சிறு கவசம் வைப்பார்கள்.

அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தில் கூப்பிடுவார்கள். விழிக்கும் பிள்ளை உங்களையே அடையாளம் தெரியாததுபோல் அலறி அழலாம். இது வலியாக இருக்கவேண்டும் என்றில்லை. மயக்கம் தெளியும்போது வரும் குழப்பம். இருபது முப்பது நிமிடத்தில் தணியும். வீடு திரும்பும்போது ஒருவர் காரோட்ட, ஒருவர் பிள்ளையருகில் பின்னிருக்கையில் இருப்பது நல்லது.

முகம் கறுத்துப்போன இரண்டு கிழமை

ஒளி விழுந்த ஒவ்வொரு வட்டமும் சாம்பல் கலந்த கருநீலமாகத் தெரியும். ஏழு முதல் பதினான்கு நாளில் மங்கும். அடுத்த நாட் காலையில் முகம் வீங்கும். கண்ணருகில் செய்திருந்தால் கண் மூடுமளவுக்குக்கூட வீங்கலாம். பயம் வேண்டாம், இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். குளிர்ந்த துணி ஒத்தடம், வைத்தியர் சொன்ன அளவில் பனடோல், மெல்லியதாக வாசலின், வெட்டிய நகம். வேறொன்றும் வேண்டாம். மஞ்சள், சந்தனம், நல்லெண்ணெய், ஊரிலிருந்து வந்த களிம்பு எதையும் அந்தத் தோலில் பூசாதீர்கள். கொப்புளம் போட்டாலோ, நீர் வடிந்தாலோ, பொருக்குத் தட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். "தானாகச் சரிவரும்" என்று இருந்துவிட்டால் தழும்பாகலாம். வெயிலுக்கு அகன்ற தொப்பியும் 50இற்கு மேற்பட்ட சன்ஸ்கிறீனும். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிழல்தான் சிறந்தது.

பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திற்கு முன்கூட்டியே வைத்தியசாலைக் கடிதத்தைக் கொடுங்கள். முகத்தில் கண்டலுடன் வரும் பிள்ளையைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிப்பது அங்குள்ளவர்களின் சட்டக் கடமை. கோவிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்பவர்களுக்கு ஒற்றை வரிப் பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் "ஐயோ, என்ன நடந்தது முகத்துக்கு" என்று வாயில் கையை வைப்பவர்களுக்கு நாம் சொல்வது, முதலில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மச்சத்தைப் பற்றிப் பிறகு தாயிடம் தனியே கேட்கலாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

முழுதாக மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சிலருக்கே முற்றாக மறைகிறது. பெரும்பாலானோருக்கு நன்றாக மங்கும். ஆண்டுகள் போக ஓரளவு திரும்பக் கறுப்பதும் உண்டு. நான்கு முதல் எட்டு வாரம், எமது நிறத்திற்குச் சிலவேளை இன்னும் கூடுதலான இடைவெளியில், ஐந்து, பத்து என்று தடவைகள் போகும். கழுத்தில் உள்ளது நன்றாக மங்கும், கைகாலில் உள்ளது மெதுவாக.

செய்யாமல் விடுவதும் ஒரு நியாயமான முடிவே. உடுப்புக்குள் மறைந்திருக்கும் சிறு மச்சத்திற்காகப் பல தடவை மயக்கம் கொடுப்பதில் எமக்கு உடன்பாடில்லை. "பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம்" என்ற ஒரே காரணத்திற்காக அவசரப்படுவதிலும் உடன்பாடில்லை. ஆண்பிள்ளைக்கு அதே மச்சம் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள்தான் பெரும்பாலும் இதையும் சொல்கிறார்கள்.

இடம் பற்றி எமது நிலைப்பாடு உறுதியானது. கடைத்தொகுதியில் உள்ள அழகு நிலையத்தில், மயிர் நீக்கும் லேசர் வைத்திருப்பவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது. அந்த இயந்திரம் வேறு, அந்தப் பயிற்சி வேறு. சிட்னியில் வெஸ்ட்மீட் சிறுவர் வைத்தியசாலையும் மெல்பேணில் றோயல் சிறுவர் வைத்தியசாலையும் இந்த மச்சங்களைப் பார்க்கும் நிபுணர்கள் உள்ள இடங்கள். விடுமுறைக்குப் போகும்போது ஊரில் செய்துகொண்டு வருவது செலவு குறைவாகத் தோன்றும். ஆனால் கொப்புளம் போட்டால் யாரிடம் காட்டுவது? ஆறு வாரத்தில் அடுத்த தடவைக்கு யார் போவது? மெடிகெயார் உள்ளவர்களுக்கு அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. தற்காலிக விசாவில் இருப்போர் தமது தகுதியை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் தயங்குபவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலையிடமே கேளுங்கள், அது இலவசம். தொலைபேசியில் பேசுவதற்கு 131 450. பத்து வயது அக்காவை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு தடவைக்கும் முதல்நாள் அதே சன்னலருகே, அதே பகல் வெளிச்சத்தில், அதே தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மச்சம் மங்குவது தெரியாது. நான்காவது தடவைக்குப் பின் தொடர்வதா நிறுத்துவதா என்று வைத்தியரோடு பேசும்போது அந்தப் படங்களை வரிசையாக மேசையில் வைத்துப் பேசலாம்.